தண்டர்பேர்ட் பேஸ் கிட்டார்: மூலமும் மறுவெளியீடும்

கிப்சன் தண்டர்பேர்ட், அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1963-ல் வெளியிட்ட மின் பேஸ் கிட்டார். ஒரு பிக்கப் கொண்ட வகை தண்டர்பேர்ட் 2 என்றும், இரண்டு பிக்கப் கொண்ட வகை தண்டர்பேர்ட் 4 என்றும் அழைக்கப்பட்டன. முதல் வடிவம் 1965 வரை மட்டுமே உற்பத்தியில் இருந்தது. அதே தோற்றத்தில் 1976-லும் 1987-லும் மறுவெளியீடுகள் வந்தன. பழைய தண்டர்பேர்டுகள் இன்று சேகரிப்பாளர்களிடையே மிக உயர்ந்த விலைக்குக் கைமாறுகின்றன. மறுவெளியீடுகள் சாதாரண இசைக்கலைஞர் எட்டக்கூடிய விலையில் கிடைக்கின்றன.

பழையதா, மறுவெளியீடா, எது சிறந்தது என்ற விவாதம் எல்லா மின் கிட்டார்களைப் பற்றியும் நடப்பதுதான். தண்டர்பேர்டைப் பொறுத்தவரை அது இரண்டு கேள்விகளாகப் பிரிகிறது. முதலாவது, தோளில் மாட்டியதும் கருவி எப்படி நிற்கிறது என்னும் எடைச் சமநிலை. இரண்டாவது, அதன் குரலைத் தீர்மானிக்கும் பிக்கப். இவ்விரண்டிலும் மறுவெளியீடு எதை அப்படியே வைத்துக்கொண்டது, எதை மாற்றியது என்று பார்த்தால் ‘மூலத்துக்கு உண்மையாக இருத்தல்’ என்ற சொல்லின் பொருளும் தெளிவாகிறது.

தோற்றம்

1960-களின் தொடக்கத்தில் மின் பேஸ் கிட்டார் சந்தையில் ஃபெண்டர் நிறுவனமே முன்னணியில் இருந்தது. லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951-லும் ஜாஸ் பேஸ் 1960-லும் வெளிவந்திருந்தன. இவ்விரண்டின் தந்தி நீளமும் 34 அங்குலம். கிப்சனின் ஈபி-0, ஈபி-3 ஆகியவை 30.5 அங்குலம் கொண்ட குட்டை பேஸ்கள். அவற்றின் ஒலி கனமானது, ஆனால் தெளிவு குறைந்தது.

கிப்சனின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டி, கார் வடிவமைப்பாளராகப் புகழ்பெற்று ஓய்வுபெற்றிருந்த ரே டீட்ரிக்கிடம் புதிய கிட்டார் வரிசை ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பை அளித்தார். அதன் விளைவாக ஃபயர்பேர்ட் கிட்டாரும், அதன் உடன்பிறப்பான தண்டர்பேர்ட் பேஸும் 1963-ல் வெளிவந்தன. இரண்டும் அக்கால அமெரிக்கக் கார்களின் வால் துடுப்புகளை நினைவூட்டும் கோடுகள் கொண்டவை. கிப்சன் 34 அங்குல நீளத்துக்கு மாறியது தண்டர்பேர்டில்தான்.

கட்டுமானத்திலும் புதுமை இருந்தது. நெக் எனப்படும் கழுத்துப் பகுதியின் மரம் உடலின் அடிமுனை வரை நீண்டு சென்றது. அதன் இருபுறமும் மஹோகனி மரத்தால் ஆன ‘சிறகுகள்’ ஒட்டப்பட்டன. இம்முறை நெக்-த்ரூ எனப்படுகிறது. இது செலவு மிகுந்தது. 1965-ல் கிப்சன் இதைக் கைவிட்டு, நெக்கைத் தனியாகச் செய்து உடலில் ஒட்டும் எளிய முறைக்கு மாறியது. உடல் வடிவத்தையும் இடவலமாகத் திருப்பியது. அதற்குப் பின் வந்தவை ‘நான்-ரிவர்ஸ்’ என்றும், 1963 வடிவம் ‘ரிவர்ஸ்’ என்றும் பெயர்பெற்றன. நான்-ரிவர்ஸ் வகையின் உற்பத்தி 1969-ல் நின்றது.

எடைச் சமநிலை

பேஸ் கிட்டாரைத் தோளில் தாங்குவது ஸ்ட்ராப் எனப்படும் வார். அதன் ஒரு முனை உடலின் அடிப்பக்கப் பட்டனிலும், மறுமுனை நெக்கை ஒட்டிய மேற்பக்கப் பட்டனிலும் மாட்டப்படும். கருவியின் ஈர்ப்பு மையம் இவ்விரு பட்டன்களுக்கும் இடையில் வசதியாக அமைந்தால் கருவி தானாகக் கிடைமட்டமாகவோ, நெக் சற்று உயர்ந்தோ நிற்கும். ஈர்ப்பு மையம் மேற்பட்டனுக்கு மிக அருகில் வந்தாலோ அதைத் தாண்டினாலோ நெக் தரையை நோக்கிச் சரியும். இசைக்கலைஞர்கள் இதை ‘நெக் டைவ்’ என்பார்கள்.

ஃபெண்டர் பேஸ்களில் உடலின் மேல்கொம்பு நீண்டு, ஏறத்தாழ 12-ஆம் ஃபிரெட்டுக்கு நேராக வந்து முடிகிறது. பட்டன் அந்தக் கொம்பின் நுனியில் இருக்கிறது. பார்வைக்கு அலங்காரம் போலத் தோன்றினாலும் அக்கொம்பு எடையைத் தாங்குவதற்காக அமைந்தது. தண்டர்பேர்டில் இது தலைகீழ். கீழ்க்கொம்பு முன்னே நீண்டிருக்கிறது. மேல்தோள் குட்டையாக, நெக் உடலைச் சேரும் இடத்துக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டின் அளவை எளிய கணக்கால் உணரலாம். 34 அங்குலத் தந்தியின் சரிபாதியில் 12-ஆம் ஃபிரெட் உள்ளது. எனவே பட்டன் அதற்கு நேராக இருந்தால், நெக்கின் நுனியில் உள்ள நட் அங்கிருந்து 17 அங்குல தூரத்தில் இருக்கும். பட்டன் 17-ஆம் ஃபிரெட்டுக்கு நேராகப் பின்வாங்கினால் அத்தூரம் 21 அங்குலத்தைத் தாண்டும். நெக்கின் பெரும்பகுதியும், தலைப்பகுதியும், அதில் உள்ள நான்கு டியூனிங் கீகளும் பட்டனுக்கு இப்பால் நான்கு அங்குலம் கூடுதலாக நீண்டு நிற்கின்றன. துலாக்கோலின் ஒரு பக்கத்தை நீட்டியதற்கு இது சமம்.

இதன் விளைவு உடலில் தெரியும். சரியும் நெக்கை வாசிப்பவரின் இடது கை தாங்க வேண்டியிருக்கிறது. ஃபிரெட்டுகளில் சுதந்திரமாக நகர வேண்டிய கை, பாதி வேலையைச் சுமப்பதில் செலவிடுகிறது. வலது முன்கை உடலை அழுத்திப் பிடிக்கிறது. அரை மணி நேர ஒத்திகையில் இது பெரிதாகத் தெரியாது. இரண்டு மணி நேர மேடை நிகழ்ச்சியில் மணிக்கட்டும் தோளும் வலிக்கத் தொடங்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இக்குறை பழைய கருவிக்கும் மறுவெளியீட்டுக்கும் பொதுவானது. வடிவத்திலிருந்தே பிறப்பதால், அதே வடிவத்தை நகலெடுக்கும் எதுவும் இக்குறையையும் சேர்த்தே நகலெடுக்கும். ‘பழையவை நன்றாக நிற்கும், புதியவை சரியும்’ என்ற பரவலான நம்பிக்கையில் ஓரளவே உண்மை உள்ளது. மஹோகனி பலகைக்குப் பலகை எடை மாறுபடும். டியூனிங் கீயின் எடையும் பட்டனின் இடமும் மாறுபடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட பழைய கருவி ஒரு குறிப்பிட்ட புதிய கருவியைவிட நன்றாக நிற்கலாம். அதை வயதின் சிறப்பு என்று சொல்ல முடியாது.

எனினும் மறுவெளியீடுகளில் சில தேர்வுகள் குறையை அதிகமாக்கின. பல பிற்காலத் தண்டர்பேர்டுகளில் மேற்பட்டன் உடலின் பின்புறத்தில், நெக்கின் அடிப்பகுதியை ஒட்டி வைக்கப்பட்டது. முன்பக்கத் தோற்றம் கெடவில்லை. ஆனால் கருவி நெக் பக்கம் சரிவதோடு, முகம் தரையைப் பார்க்கும்படி முன்னோக்கியும் கவிழ்கிறது. கண்ணுக்காகத் தோள் விலை கொடுத்த இடம் இது.

வரலாற்றின் முரண் இன்னொன்று. 1965-ன் நான்-ரிவர்ஸ் வடிவத்தில் மேல்கொம்பு நீளமானது. செலவைக் குறைக்கச் செய்யப்பட்ட அந்த மாற்றம், சமநிலையின் பார்வையில் சரியான திசையில் வைக்கப்பட்ட அடி. ஆனால் மக்கள் நினைவில் நின்றது ரிவர்ஸ் வடிவமே. எனவே 1976-லும் 1987-லும் திருத்தத்துக்கு முந்தைய வடிவமே திரும்பி வந்தது. ஒரு நூலின் பிழை நீங்கிய இரண்டாம் பதிப்பை ஒதுக்கிவிட்டு, அட்டை அழகுக்காக முதல் பதிப்பையே மீண்டும் அச்சிட்டதற்கு இதை ஒப்பிடலாம்.

பிக்கப்

பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் உறுப்பு. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். ஒற்றைச் சுருள் சுற்றுப்புற மின்கம்பிகளின் இரைச்சலையும் சேர்த்து வாங்கும். எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்களால் அவ்விரைச்சலை நீக்குவது ஹம்பக்கர் முறை. 1950-களின் நடுவில் கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் அந்நிறுவனத்தின் அடையாளமாயிற்று.

பிக்கப்பின் குரலை நான்கு காரணங்கள் தீர்மானிக்கின்றன. காந்தத்தின் வகை, சுருளின் சுற்றுகளும் வடிவமும், மேலுள்ள மூடி, பிக்கப் வைக்கப்பட்ட இடம் ஆகியவை அவை.

1963 தண்டர்பேர்டில் இருந்தவை உலோக மூடி கொண்ட ஹம்பக்கர்கள். அவற்றில் ஆல்னிகோ காந்தம் பயன்பட்டது. ஆல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை இரும்புடன் சேர்ந்த கலவை. இந்தப் பிக்கப்களின் ஒலி கிப்சனின் முந்தைய பேஸ்களைவிடத் தெளிவானது. அடிச்சுரம் கனமாக இருந்தாலும் நடுப்பகுதியில் ஒரு கரகரப்பும், விரலோ பிளெக்ட்ரமோ தந்தியைத் தொடும் கணத்தின் கூர்மையும் கேட்கும்.

1987 மறுவெளியீட்டில் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிக்குள் செராமிக் காந்தம் கொண்ட ஹம்பக்கர்கள் வைக்கப்பட்டன. அவை டிபி பிளஸ் எனப்பட்டன. இவ்வகைப் பிக்கப் தரும் சமிக்ஞை வலுவானது. ஆம்பிளிஃபயரை எளிதில் உறுமல் நிலைக்குத் தள்ளும். 1980-களின் ஹார்ட் ராக் இசைக்கு அது பொருத்தமாக இருந்தது. ஆனால் இது 1963-ன் குரலின் நகல் அன்று. தோற்றத்திலேயே வேறுபாடு தெரியும். பழையதில் பளபளக்கும் உலோகம் இருந்த இடத்தில் புதியதில் கறுப்புப் பட்டைகள் உள்ளன.

பிரிட்ஜும் மாறியது. 1963 வடிவத்தில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜும், தந்தியின் முனையைப் பிடிக்கும் டெயில்பீஸும் தனித்தனி. 1976 முதல் இரண்டும் ஒன்றான, மூன்று திருகுகளில் நிற்கும் பிரிட்ஜ் இடம்பெற்றது. தந்தி எங்கே நிற்கிறது, எந்தக் கோணத்தில் மடிகிறது என்பவை இதனால் மாறின.

இடத்தின் முக்கியத்துவம்

பிக்கப்பின் உள்ளே இருப்பது பற்றி அதிகம் பேசப்படும் அளவுக்கு, அது எங்கே இருக்கிறது என்பது பேசப்படுவதில்லை. தந்தி அதிரும்போது அடிச்சுரத்தோடு பல மேற்சுரங்களும் பிறக்கின்றன. நான்காம் மேற்பிரிவின் அதிர்வில் தந்தி நான்கு சம பாகங்களாகப் பிரிகிறது. பாகங்கள் சேரும் கணுக்களில் அந்தச் சுரத்துக்கு அசைவே இல்லை. 34 அங்குலத் தந்தியில் பிரிட்ஜிலிருந்து 8.5 அங்குலத்தில் ஒரு கணு விழும். அவ்விடத்தில் குறுகிய பிக்கப் ஒன்றை வைத்தால், விரல் வைக்காமல் மீட்டும் தந்தியின் நான்காம் சுரம் அதற்குக் கேட்காது. பிரிட்ஜை நெருங்க நெருங்க மேற்சுரங்களின் பங்கு கூடி ஒலி கூர்மையாகும். நெக்கை நெருங்க நெருங்க அடிச்சுரம் ஓங்கி ஒலி கனக்கும்.

இதற்கு நல்ல சான்று ஃபெண்டர் ஜாஸ் பேஸ். 1960-களில் அதன் இரு பிக்கப்களுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் 3.6 அங்குலம். 1970-களில் பின் பிக்கப் பிரிட்ஜை நோக்கி நகர்த்தப்பட்டு அத்தூரம் சுமார் 4 அங்குலமாயிற்று. அரை அங்குலத்துக்கும் குறைவான இந்த மாற்றத்தால் அறுபதுகளின் ஜாஸ் பேஸும் எழுபதுகளின் ஜாஸ் பேஸும் வெவ்வேறு குரல் கொண்டவையாகக் கருதப்படுகின்றன. மறுவெளியீடு வாங்குபவர் எந்தப் பத்தாண்டின் இடைவெளி என்று கேட்டு வாங்குகிறார்.

எனவே பழைய பிக்கப் ஒன்றைக் கழற்றிப் புதிய கருவியில் பொருத்தினால் பழைய குரல் வந்துவிடும் என்பது அரைகுறை எதிர்பார்ப்பு. பிக்கப்போடு அதன் இடமும் வந்தால்தான் குரல் வரும். தண்டர்பேர்ட் மறுவெளியீட்டில் பிக்கப்பை மட்டும் மாற்றி ஏமாற்றமடைந்தவர்கள், பிரிட்ஜையும் இடைவெளிகளையும் அளந்து பார்ப்பது நல்லது.

வயது என்ன செய்கிறது

காலம் செல்லச் செல்லக் காந்தம் ‘கனிந்து’ ஒலி இனிமையாகிறது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆல்னிகோ காந்தம் தானாக இழக்கும் வலிமை மிகக் குறைவு. அதிக வெப்பமோ, அருகில் வரும் மற்றொரு வலுவான காந்தமோதான் அதைக் கணிசமாகப் பலவீனப்படுத்தும். பழைய பிக்கப்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு ஒலிப்பதற்கு எளிய காரணங்கள் உள்ளன. அக்காலத்தில் சுற்றுகளின் எண்ணிக்கை துல்லியமாகக் கட்டுப்படுத்தப்படவில்லை. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் மின்தடை, அதில் அச்சிட்ட மதிப்பிலிருந்து கணிசமாக விலகுவதுண்டு. அவ்விலகல் உயர்சுரங்களின் அளவை நேரடியாகப் பாதிக்கும்.

இதனால் ‘1963 தண்டர்பேர்டின் ஒலி’ என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். பல 1963 தண்டர்பேர்டுகள் உள்ளன. அவற்றின் ஒலிகள் ஒரே குடும்பச் சாயல் கொண்டவை. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்பவர் அறிந்த உண்மை இது. பிரதிக்குப் பிரதி பாடவேறுபாடு இருக்கும். மிகப் பழைய ஏடு என்பதாலேயே அதன் ஒவ்வொரு பாடமும் சரி என்று ஆகிவிடாது.

இசைத்தட்டுகளில் கேட்ட ஒலியையும் இவ்வாறே பிரித்துப் பார்க்க வேண்டும். 1963-ல் பேஸ் கிட்டார்களில் பெரும்பாலும் தட்டையான மேற்பரப்பு கொண்ட ஃபிளாட்வுண்ட் தந்திகளே பயன்பட்டன. ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலுடன் இணைந்து ரோட்டோசவுண்ட் நிறுவனம் ரவுண்ட்வுண்ட் தந்திகளை உருவாக்கியது 1966-ல். பியானோவை ஒத்த அவற்றின் பளிச்சென்ற ஒலி பின்னர் ராக் இசையில் பரவியது. ‘விஷ்போன் ஆஷ்’ குழுவின் மார்ட்டின் டர்னர், ‘யூஎஃப்ஓ’ குழுவின் பீட் வே ஆகியோர் தண்டர்பேர்டுக்குப் புகழ் சேர்த்தது 1970-களில். ஆகவே ரசிகர்கள் ‘பழைய தண்டர்பேர்டின் ஒலி’ என்று நினைவில் வைத்திருப்பது, 1963-ல் அதை வடிவமைத்தவர்கள் கேட்ட ஒலியாக இருக்க வேண்டியதில்லை. அதில் தந்தி, ஆம்பிளிஃபயர், ஒலிப்பதிவு அறை, வாசித்தவரின் கை ஆகிய எல்லாவற்றுக்கும் பங்குண்டு.

ஃபெண்டருடன் ஒப்பீடு

ஃபெண்டர் நிறுவனம் 1982-ல் 1957, 1962 ஆகிய ஆண்டுகளின் வடிவங்களை மறுவெளியீடு செய்யத் தொடங்கியது. பிரிசிஷன் பேஸ் அதில் இடம்பெற்றது. அங்கே சிக்கல் குறைவு. மூலத்தின் சமநிலை நன்றாக இருந்ததால், வடிவத்தை உண்மையாக நகலெடுத்தாலே தோளுக்கும் நன்மை கிடைத்தது. 1957-ல் அறிமுகமான, இரண்டாகப் பிளந்த பிக்கப்பின் அமைப்பும் எளிமையானது. அதன் அடிப்படை வடிவம் தொடர்ந்து உற்பத்தியில் இருந்தது. எனவே கண், தோள், காது மூன்றும் ஒரே நகலில் திருப்தியடைய முடிந்தது.

தண்டர்பேர்டில் இம்மூன்றும் வெவ்வேறு திசையில் இழுக்கின்றன. கண்ணுக்கு உண்மையாக இருந்தால் தோளுக்குத் தீங்கு. தோளைக் காக்க மேல்கொம்பை நீட்டினால் அது தண்டர்பேர்டாகத் தெரியாது. காதுக்கு உண்மையாக இருக்கப் பழைய பிக்கப்பை மீண்டும் செய்ய வேண்டும், அதற்குச் செலவாகும். 1987-ன் மறுவெளியீடு கண்ணைத் தேர்ந்தெடுத்தது. தோளைப் பழைய நிலையிலேயே விட்டது. காதுக்கு வேறொன்றைக் கொடுத்தது. பெயர் மட்டும் அதே தண்டர்பேர்ட் 4.

மறுவெளியீட்டின் தரப்பு

மறுவெளியீட்டின் பக்கமும் நியாயம் உண்டு. மூல ரிவர்ஸ் வடிவம் உற்பத்தியில் இருந்தது மூன்று ஆண்டுகளுக்குள். 1987 வடிவம் அதைவிடப் பல மடங்கு நீண்ட காலம் தயாரிக்கப்பட்டது. 1980-களின் இறுதிக்குப் பின் ராக் இசை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தண்டர்பேர்ட் என்றால் கறுப்புப் பிக்கப் கொண்ட கருவிதான். ‘மோட்லி க்ரூ’ குழுவின் நிக்கி சிக்ஸ் பெயரில் பிளாக்பேர்ட் என்ற தனி வகையையே கிப்சன் வெளியிட்டது. அத்தலைமுறைக்கு அந்த உறுமலே மூல ஒலி. அவர்களிடம் 1963-ன் பிக்கப்பைக் கொடுத்தால், ‘வலு குறைந்த நகல்’ என்றுகூடச் சொல்லலாம்.

எனவே டிபி பிளஸ் பிக்கப்பைத் தரம் குறைந்தது என்று தள்ளுவது முறையான விமர்சனம் ஆகாது. அது தன் காலத்தின் தேவைக்குச் சரியான விடை. குறை வேறிடத்தில் இருக்கிறது. புதிய குரலைப் பழைய பெயரில் தரும்போது, மாற்றம் நிகழ்ந்திருப்பதை வாங்குபவர் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நல்ல பதிப்பாசிரியர் தாம் திருத்திய இடங்களைக் குறிப்பார். கருவித் தயாரிப்பாளரிடமும் அதே நேர்மையை எதிர்பார்ப்பது மிகையன்று.

கிப்சனின் துணை நிறுவனமான எபிஃபோன் 2020-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ‘60-கள் தண்டர்பேர்ட்’ இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நெக்-த்ரூ கட்டுமானமும் உலோக மூடி கொண்ட பிக்கப்களும் அதில் திரும்பின. குறைந்த விலைக் கருவி, விலை உயர்ந்த முந்தைய மறுவெளியீட்டைவிட மூலத்தின் முகத்துக்கு நெருங்கி வந்தது. விலைக்கும் மூலத்தோடு உள்ள நெருக்கத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை இது காட்டுகிறது.

திருத்தங்கள்

சமநிலைக் குறையைக் குறைக்க நடைமுறையில் உள்ள வழிகள் எளியவை. மேற்பட்டனை வேறிடத்துக்கு மாற்றலாம். உள்பக்கம் சொரசொரப்பான, அகலமான தோல் ஸ்ட்ராப் தோளில் வழுக்காமல் நிற்கும். எடை குறைந்த டியூனிங் கீகளைப் பொருத்தலாம்.

கடைசி வழியின் பலன் கணக்கில் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு கீயிலும் 35 கிராம் வீதம் நான்கில் 140 கிராம் குறைவதாகக் கொள்ளலாம். தலைப்பகுதி மேற்பட்டனிலிருந்து 25 அங்குலமும், உடலின் அடிமுனை 16 அங்குலமும் தள்ளி இருப்பதாகக் கொண்டால், அதே பலனை அடிமுனையில் எடை சேர்த்துப் பெறச் சுமார் 220 கிராம் தேவை. முதல் வழியில் கருவியின் மொத்த எடை குறைகிறது. இரண்டாம் வழியில் கூடுகிறது. தோளுக்கு எது நல்லது என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் மறுவெளியீட்டின் உண்மையான சிறப்பு வெளிப்படுகிறது. 1963 கருவியில் ஒரு புதிய துளை போட்டாலும், ஒரு கீயை மாற்றினாலும் அதன் வரலாற்று மதிப்பு குறையும். அதன் உரிமையாளர் குறையோடு வாழ வேண்டும், அல்லது கருவியைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மறுவெளியீட்டின் உரிமையாளருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. பட்டனை நகர்த்தலாம், பிக்கப்பை மாற்றலாம், பிடிக்காவிட்டால் திரும்பவும் மாற்றலாம்.

இதற்குப் பெரிய முன்னுதாரணம் ஜான் என்ட்விசில். அவர் 1970-களில் தண்டர்பேர்டின் உடலையும் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் நெக்கையும் இணைத்து ‘ஃபெண்டர்பேர்ட்’ எனப்படும் கருவிகளை உருவாக்கிப் பயன்படுத்தினார். போட்டி நிறுவனங்கள் இரண்டின் உறுப்புகள் ஒரே கருவியில் சேர்ந்தன. அவருக்குப் பழைய தண்டர்பேர்ட் வழிபாட்டுப் பொருளாகத் தெரியவில்லை. தம் கைக்கும் காதுக்கும் ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டிய கருவியாகவே தெரிந்தது. இன்று அத்தகைய துணிவை மறுவெளியீட்டில்தான் காட்ட முடியும்.

மதிப்பீடு

தண்டர்பேர்டில் பழையது, புதியது என்ற பொதுவான தீர்ப்பு பொருந்தாது. எடைச் சமநிலையில் மூலத்துக்குத் தனி மேன்மை இல்லை. குறை வடிவத்தில் உள்ளது. அதை இரு தலைமுறைக் கருவிகளும் சமமாகச் சுமக்கின்றன. பட்டனைப் பின்புறம் வைத்த மறுவெளியீடுகள் மட்டும் ஒரு படி கீழே நிற்கின்றன. பிக்கப்பில் மூலமும் 1987 மறுவெளியீடும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வெவ்வேறு கருவிகள். தெளிவும் தொடுகையின் நுட்பமும் தேடுபவருக்கு 1963-ன் குரல் பொருந்தும். வலுவும் உறுமலும் வேண்டுபவருக்கு 1987-ன் குரல் போதும், சில வேளைகளில் அதுவே மேல்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் ஆண்டு எண்ணைப் பார்ப்பதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்யலாம். ஸ்ட்ராப்பை மாட்டி, எழுந்து நின்று, இரு கைகளையும் எடுத்துவிட்டு நெக் எவ்வளவு சரிகிறது என்று பார்க்க வேண்டும். அப்போது ஒரு கை நெக்கின் அருகிலேயே இருக்கட்டும். அடுத்து, ஒவ்வொரு பிக்கப்பையும் தனியாக, அதிக ஒலியின்றி வாசித்துக் கேட்க வேண்டும். பிறகு கால்மணி நேரமாவது தொடர்ந்து நின்று வாசிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடங்களில் மயக்கும் தோற்றம், அதற்குப் பின் தோள் சொல்லும் செய்தியை மறைக்க முடியாது.

மறுவெளியீடு என்பது மூலத்தின் மீது செய்யப்படும் ஒரு வாசிப்பு. எதை மூலத்தின் உயிர் என்று தயாரிப்பாளர் கருதுகிறாரோ அதை வைத்துக்கொள்கிறார், மற்றதை விட்டுவிடுகிறார். 1987-ல் கிப்சன் தண்டர்பேர்டின் உயிர் அதன் நிழலுருவத்தில் இருப்பதாக வாசித்தது. சந்தையில் அந்த வாசிப்பு வென்றது. ஆனால் பேஸ் கிட்டார் பார்ப்பதற்காக மட்டும் செய்யப்படுவதன்று. வாசிப்பவரின் தோளையும் கேட்பவரின் காதையும் சேர்த்து எண்ணிய மறுவெளியீடே மூலத்துக்கு உண்மையானது என்று சொல்லத்தக்கது. அந்த அளவுகோலில் தண்டர்பேர்டுக்கு முழுமையான பதிப்பு ஒன்று வர வேண்டிய தேவை இன்னும் இருக்கிறது.